பந்தைத் துரத்தும் கேமரா ஏன் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: இஎஸ்பி32-கேம் போர்டை (கேமரா பொருத்திய சிறு கணினிப் பலகை) எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) மேல் ஒட்டி, சிவப்புப் பந்தைத் தொடரும்படி செய்திருக்கிறேன். பந்தைக் கண்டதும் சர்வோ ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் ஆடி, கடைசியில் பந்தையே தொலைத்துவிடுகிறது. சில நேரம் போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பகலில் ஓரளவு சரி, இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறமே பிடிபடவில்லை. பந்தின் இடத்தை 0–160 பிக்சலிலிருந்து 0–180 பாகைக்கு மாற்றி சர்வோவுக்குக் கொடுக்கிறேன்.

பதில்: கடைசி வரியில்தான் கோளாறே இருக்கிறது. கேமரா ஓரிடத்தில் நிலையாக இருந்து, சர்வோ வெறும் சுட்டுமுள்ளைத் திருப்பினால் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். உங்கள் கேமரா சர்வோவோடு சேர்ந்தே திரும்புகிறது. அப்போது பிக்சல் சொல்வது பந்து இருக்கும் கோணத்தை அல்ல, இப்போது பார்க்கும் திசையிலிருந்து பந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை.

எண்களை வைத்தே பாருங்கள். சர்வோ 90 பாகையில் நிற்கிறது, பந்து 120-ஆம் பிக்சலில் தெரிகிறது. உங்கள் கணக்கு 135 பாகைக்குப் போகச் சொல்கிறது. லென்ஸின் பார்வைக்கோணம் 62 பாகை என்றால், பந்து உண்மையில் விலகியிருந்தது 17 பாகைதான். சர்வோ 45 திரும்பிவிட்டதால் பந்து மறுபக்க ஓரத்துக்கு, கிட்டத்தட்ட 8-ஆம் பிக்சலுக்குப் போய்விடும். உடனே கணக்கு 9 பாகைக்கு விரட்டும். பந்து படத்தைவிட்டே வெளியேறிவிடும்.

மாற்று வழி: புதிய கோணம் = இப்போதைய கோணம் + (பந்தின் பிக்சல் − 80) × 0.1. இதில் 80 என்பது படத்தின் நடு. விலகலில் ஏறத்தாழ கால்பங்கை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் திருத்துகிறோம். பந்தைவிட்டு எதிர்த்திசையில் ஓடினால் கூட்டலைக் கழித்தலாக்குங்கள். விலகல் 6 பிக்சலுக்குள் இருந்தால் சர்வோவைத் தொடவே வேண்டாம். கோணத்தைத் தசமத்தோடு சேமித்து, சர்வோவுக்குப் போகும் துடிப்பின் நீளமாக, மைக்ரோ நொடியில் மாற்றி அனுப்புங்கள். முழு எண்ணாக வைத்தால் சின்னத் திருத்தங்கள் காணாமல் போகும். 0.1 என்பது தொடக்கம்தான். மந்தமாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், ஊசலாடினால் இறக்குங்கள். பார்வைக்கோணத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்: 1 மீட்டர் தள்ளி வைத்த டேப்பில் 120 செ.மீ. படத்துக்குள் அடங்கினால் அது 62 பாகை.

இதன் பிறகும் ஆடினால் பழைய படத்தைச் சந்தேகியுங்கள். ஃபிரேம் பஃபர் (எடுத்த படங்கள் காத்திருக்கும் நினைவிடம்) 2 என்று வைத்திருந்தால், சர்வோ திரும்புவதற்கு முன் எடுத்த படம் கைக்கு வரும். முடிந்த திருத்தத்தையே மறுபடி செய்வீர்கள். பஃபரை 1 ஆக்குங்கள், அல்லது கடைசிப் படத்தை மட்டும் எடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ரீஸ்டார்ட் ஆவது மின்சாரப் பிரச்சினை. எஸ்ஜி90 முட்டி நிற்கும்போது 600 மில்லி ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அந்த நொடியில் போர்டின் மின்னழுத்தம் சரியும். சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் திரை) பிரவுன்அவுட், அதாவது மின்னழுத்தம் சரிந்தது என்று வந்தால் இதுதான் காரணம். மின்னழுத்தம் சரிவதைப் பார்க்கும் அந்தக் கண்காணிப்பை நிரலில் அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், மீட்டரைக் கழற்றினால் வோல்டேஜ் ஏறிவிடாது. 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்து சர்வோவின் சிவப்பு வயருக்கு நேரடியாக ஒரு கோடு, போர்டுக்குத் தனியாக ஒரு கோடு. கிரவுண்ட் மட்டும் இரண்டுக்கும் பொது. சர்வோவை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, துருவம் பார்த்து.

சர்வோவின் சிக்னல் வயருக்கு போர்டின் ஜிபிஐஓ 14 என்ற பின் போதும், மெமரி கார்டு போடாதவரை. 12 வேண்டாம், பூட் ஆகும்போது அது உயர்நிலையில் (மின்னழுத்தத்தோடு) இருந்தால் போர்டு எழாது. 16-ஐ பிஎஸ்ராம் (போர்டின் கூடுதல் நினைவகம்) எடுத்துக்கொண்டது. சர்வோவைச் சேர்த்ததும் படமே வராமல் போனால், இரண்டும் ஒரே பிடபிள்யூஎம் டைமரை (துடிப்புகளை உருவாக்கும் உள்கடிகாரம்) பிடித்திருக்கும். வழக்கமான எடுத்துக்காட்டு நிரலில் கேமரா டைமர் 0-வைப் பயன்படுத்துகிறது. சர்வோவை வேறொன்றுக்கு மாற்றுங்கள்.

இனி நிறம். முதலில் பந்தைக் கேமராவுக்கு நேரே பிடித்து, நடுப்பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத்தை அச்சிட்டுப் பாருங்கள். சிவப்புப் பந்துக்கு நீலம் தூக்கலாக வந்தால் ஆர்ஜிபி565-இன் (ஒரு பிக்சலின் நிறத்தை இரண்டு பைட்டில் அடக்கும் முறை) இரண்டு பைட்டுகளையும் முன்பின்னாகப் படிக்கிறீர்கள். உயர் பைட்டே முதலில் வரும்.

இரவுப் பிரச்சினைக்கு முதல் காரணம், கேமரா தானாகச் செய்யும் வெள்ளைச் சமன் (வெளிச்சத்துக்கேற்ப நிறங்களைச் சரிக்கட்டுவது). பந்து பக்கத்தில் வந்து படத்தை நிறைத்ததும் "எல்லாமே சிவப்பாக இருக்கிறதே" என்று கேமராவே சிவப்பைக் குறைத்துவிடும். ஆன் செய்து இரண்டு நொடி கழித்து வெள்ளைச் சமன், எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்), கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மூன்றின் தானியங்கியையும் அணையுங்கள். பிறகு ஆர்ஜிபி எண்களை நேரடியாக ஒப்பிடாமல் ஹெச்எஸ்வி-க்கு, அதாவது ஹியூ (0–360 பாகையில் நிறவகை), செறிவு, பிரகாசம் என்ற மூன்று எண்களுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் மாறினாலும் ஹியூ அவ்வளவாக நகராது. சிவப்பு 0–15, 340–360 என இரண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டை மட்டும் சோதித்தால் பாதிப் பந்துதான் தெரியும். செறிவு 50 சதவீதத்துக்கு மேல், பிரகாசம் 20-க்கு மேல் என்று தொடங்குங்கள். தேறிய பிக்சல்கள் 40-க்குக் குறைவாக இருந்தால் பந்து இல்லை என்று கொண்டு சர்வோவை அப்படியே நிறுத்துங்கள்.

பந்தையே மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் கை, மர நாற்காலி, ரெட் ஆக்சைடு தரை எல்லாமே சிவப்பை ஒட்டிய ஹியூவில்தான் விழும். கிளிப்பச்சைப் பந்துக்கு வீட்டுக்குள் போட்டி குறைவு.