கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களுக்குப் பணத்தை ஞானமாகக் கையாளக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சபையின் வாலிபர் கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பணம் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளோடு இதையே பேசிக்கொண்டிருப்பவன் என்பதால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தசமபாகத்திலிருந்து தொடங்காதீர்கள். கொடுப்பது எனக்கும் முக்கியம்தான். ஆனால் சபையில் வளர்ந்த பிள்ளை அந்தப் பத்தில் ஒன்றைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பான். மீதி ஒன்பது பங்கை என்ன செய்வது என்று அவனோடு உட்கார்ந்து யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவன் மாட்டிக்கொள்வதெல்லாம் அந்த ஒன்பது பங்கில்தான்.

முதல் வேலையாக, ஒரு மாதச் செலவை எழுதச் சொல்லுங்கள். குறைக்கச் சொல்ல வேண்டாம், எழுதினால் போதும். லூக்கா 14-இல் கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்கிறார் இயேசு. அவர் அங்கே பேசுவது சீஷனாவதற்கு ஆகும் விலையைப் பற்றி. ஆனாலும் புத்தியுள்ள எவனும் கணக்குப் பார்ப்பான் என்பதை எடுத்த எடுப்பில் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார். எழுதியதை மற்றவர்கள் முன்னால் வாசிக்க மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரே வகுப்பில் அப்பா பணம் அனுப்பும் பிள்ளையும் இருக்கும், பகுதிநேர வேலை பார்த்து வீட்டுக்கு அனுப்பும் பிள்ளையும் இருக்கும். இரண்டாவது பிள்ளையிடம் போய் 'சேமி' என்று உபதேசம் செய்தால் அது மனதைப் புண்படுத்தும்.

அடுத்தது கடன். இதற்கு வசனத்தைவிட முதலில் பலகையும் சாக்பீஸும் வேண்டும். மாதம் 3 சதவீத வட்டியில் 10,000 கடன் என்று எழுதுங்கள். மாதம் 400 கட்டினால் எப்போது முடியும் என்று கேளுங்கள். இரண்டரை வருடம் என்பார்கள். முதல் மாதம் கட்டும் 400-இல் 300 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 100. கணக்குப் போட்டால் 47 மாதம் வரும், கட்டியது மொத்தம் 18,700-க்கு மேல். அதே கடனுக்கு மாதம் 800 கட்டினால் 16 மாதத்தில் முடிந்துவிடும், மொத்தம் 12,700 சொச்சம். நீங்களே சொல்லிவிடாமல், செல்போன் கால்குலேட்டரில் மாதம் மாதமாக அவர்களையே போடவிடுங்கள். அப்புறம் நீதிமொழிகள் 22:7-ஐ வாசியுங்கள். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

அதே அதிகாரத்தில் 26, 27-ஆம் வசனங்களையும் விட்டுவிடாதீர்கள். அடுத்தவன் கடனுக்குப் பிணை நிற்காதே, கட்ட வழியில்லாமல் போனால் நீ படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும் என்கிறது. 'உன் பேரில் ஒரு கடன் எடுத்துக் கொடு, நான் கட்டிவிடுகிறேன்' என்று கூட ஜெபிக்கும் நண்பனே கேட்பான். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவோமோ என்று நல்ல பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சொல்ல வேண்டிய பதிலை வாயில் வரும்படி பழக்கிவிடுங்கள்: 'என் கையில் இருப்பதில் முடிந்ததைத் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன்.'

விசுவாசிதானே என்று நம்பி ஏமாறுவதையும் தனியாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் நியூ இரா என்ற அறக்கட்டளை, எங்களிடம் பணம் போடுங்கள், பெயர் சொல்ல விரும்பாத தர்மவான்கள் அதை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்றது. கிறிஸ்தவக் கல்லூரிகளும் ஊழிய நிறுவனங்களும் நம்பிப் போட்டன. 1995-இல் அது திவாலானது. அப்படி ஒரு தர்மவான்கூட இருக்கவில்லை. புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துத்தான் பழையவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். இதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் கணக்கியல் ஆசிரியர், ஸ்பிரிங் ஆர்பர் கல்லூரியின் ஆல்பர்ட் மேயர். கையில் இருப்பதாகச் சொன்ன பணத்துக்கும் வரிக் கணக்கில் காட்டிய வட்டிக்கும் பொருந்தவில்லை என்று பார்த்தார், கேட்டார், எழுதினார். இவர் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் பணம் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகு கொடுப்பதற்கு வாருங்கள். 2 கொரிந்தியர் 9:7 போதும்: வருத்தத்தோடும் வேண்டாம், கட்டாயத்தாலும் வேண்டாம், மனதில் தீர்மானித்தபடி உற்சாகமாய். கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை 'விதையாக' போட்டால் நூறு மடங்கு வரும் என்று கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாற்கு 4-ஐத் திறந்து காட்டுங்கள். நூறு மடங்கு பலன் தரும் விதையின் உவமை அங்கேதான் இருக்கிறது, அதில் விதை என்பது வசனம் என்று இயேசுவே சொல்கிறார். மாற்கு 7-இல் கொர்பான், அதாவது 'தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கையாக்கி நழுவுகிறவர்களை அவர் கடுமையாகக் கடிந்துகொள்கிறார். பெற்றோர் கட்டணத்துக்காகக் கொடுத்த பணம் கட்டணத்துக்கே போகட்டும். தனக்கென்று இருக்கும் சிறு தொகையிலிருந்து கொடுக்கப் பழகட்டும். காணிக்கைப் பெட்டியில் போட்டதற்காக இயேசு பாராட்டிய ஏழை விதவையின் இரண்டு காசும் அவளுடையதாக இருந்தது.

கடைசி வருட மாணவர்களுக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பிரசங்கம் ஒன்றில் வரும் ஆக்ஸ்போர்டு வாலிபனைச் சொல்லலாம். வருடம் 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தான். 60 வந்தபோதும் 28-இல்தான் வாழ்ந்தான். 90, 120 என்று ஏறியபோதும் அதே 28, மீதியெல்லாம் ஏழைகளுக்கு. குடும்பம், விலைவாசி என்று வந்தால் அப்படியே பின்பற்றுவது கஷ்டம், சரி. ஆனால் முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே 'எனக்கு இவ்வளவு போதும்' என்று ஒரு தொகையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் வந்த பிறகு எழுதினால் அந்தத் தொகை பெரிதாகிவிடும்.

முடிந்தால் ஒரு வாரம் சபைப் பொருளாளரை அழைத்து, சபையின் வரவு செலவைப் பிள்ளைகள் முன் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். காணிக்கைப் பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வராதபடி மற்றவர்களையும் கூட அனுப்பினார், 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. பொருளாளர் தயங்கினால் போதகரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பிள்ளைகளிடம் கணக்கு எழுதச் சொல்லிவிட்டு நம் கணக்கை மூடி வைக்க முடியாது.