தேவபக்திக்கேதுவான முயற்சி: சில கேள்விகளும் பதில்களும்

எங்கள் வேதபாட வகுப்பில், அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தைப் படித்து முடித்த பிறகு, "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்ற ஒரு வரியைப் பற்றியே பலர் தங்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். பெயர்களை விட்டுவிட்டு, கேட்டவரின் நிலைமை தெரியும் அளவுக்கு மட்டும் குறிப்பிட்டு, என்னால் இயன்ற பதில்களை இங்கே தருகிறேன்.

ஐயா, ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவரையும், நீண்ட ஜெபம் செய்கிறவரையும் பக்தியுள்ளவர் என்கிறோம். வேதம் சொல்லும் தேவபக்தி இதுதானா? (வங்கி ஊழியர்)

இது அதில் ஒரு பகுதி. ஆனால் தொடக்கப் பகுதிகூட அல்ல என்பது என் எண்ணம். தேவபக்தி என்று நாம் வாசிக்கிற இடங்களில் மூலமொழியாகிய கிரேக்கத்தில் "யூசேபியா" என்ற சொல் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 15 முறை வரும் இந்தச் சொல், தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட மூன்று நிருபங்களில் மட்டும் 10 முறை வருகிறது. அக்காலத்துக் கிரேக்கர் இதை ஆலயச் சடங்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தெய்வத்துக்கும், பெற்றோருக்கும், நாட்டுக்கும் ஒருவன் செலுத்தவேண்டிய மரியாதையையும் கடமையையும் சேர்த்தே இந்தச் சொல்லால் குறித்தார்கள். அப்போஸ்தலன் அந்தச் சொல்லை எடுத்து, உயிரோடெழுந்த கிறிஸ்துவின் முன்னிலையில் ஒரு மனிதன் தன் நாள் முழுவதையும் வாழும் விதத்துக்குப் பெயராக வைக்கிறார். ஆகவேதான் இதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், விதவையான தாயையோ பாட்டியையோ பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆதரிக்கவேண்டும் என்று சொல்லும்போது, "தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து" என்று எழுதுகிறார். அந்த வசனத்தில் ஜெபத்தைப் பற்றிய பேச்சே இல்லை. வயதான தாய்க்கு மாதாமாதம் மருந்து வாங்கிக் கொடுப்பதையும், அவர் பத்தாவது முறையாகச் சொல்லும் அதே கதையைப் பொறுமையோடு கேட்பதையும் வேதம் தேவபக்தி என்று அழைக்கிறது என்பதை நாம் போதிய அளவு பிரசங்கிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

நாம் கிருபையினால் இரட்சிக்கப்பட்டிருக்கும்போது, "முயற்சிபண்ணு" என்று சொல்வது மறுபடியும் கிரியைகளுக்கு, அதாவது நம் செயல்களால் இரட்சிப்பைச் சம்பாதிப்பதற்கு, திரும்புவதாகாதா? (இறையியல் மாணவர்)

தம்பி, நீங்கள் பயப்படுகிற ஆபத்து உண்மையானது. ஆனால் இந்த வசனம் அந்த ஆபத்தில் நம்மைத் தள்ளவில்லை. "முயற்சிபண்ணு" என்பதற்கு மூலத்தில் உள்ள வினைச்சொல், விளையாட்டு வீரர்கள் பயிற்சி செய்வதைக் குறிக்கும் சொல். உடற்பயிற்சிக் கூடத்துக்கு நாம் சொல்லும் "ஜிம்" என்ற பெயரும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. பயிற்சி செய்கிறவன் உயிரைச் சம்பாதிப்பதற்காகப் பயிற்சி செய்வதில்லை. உயிரோடிருப்பதால் பயிற்சி செய்கிறான். தீத்துவுக்கு எழுதின நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், அவபக்தியை வெறுத்துத் தேவபக்தியாய் ஜீவிக்கும்படி நமக்குப் போதிப்பது எது என்று பாருங்கள்: நியாயப்பிரமாணம் அல்ல, தேவகிருபையே. பிலிப்பியருக்கும் "பிரயாசப்படுங்கள்" என்று சொன்ன கையோடு, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணம் கொடுக்கிறார். காவிரிக் கரையில் மடையைத் திறந்துவிடுகிற விவசாயி ஆற்றை உண்டாக்குவதில்லை. ஆனாலும் மடையைத் திறக்காதவனுடைய வயல் ஆறு நிறைந்து ஓடும்போதும் காய்ந்துதான் கிடக்கும். ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், திருவிருந்து, ஐக்கியம் ஆகியவை மடைகள்; அவற்றை ஆறு என்று நினைக்கத் தொடங்குகிற நாளில்தான் நீங்கள் அஞ்சுகிற கிரியை மார்க்கம் பிறக்கிறது.

இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் நான். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கவேண்டும் என்று எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்கிறேன். இரவில் மூன்று முறை எழுந்திருக்கிற எனக்கு அது முடியவில்லை. குற்றவுணர்வாக இருக்கிறது.

சகோதரி, அந்தக் குற்றவுணர்வைத் தேவன் உங்கள்மேல் வைக்கவில்லை. அதிகாலை ஜெபம் நல்ல பழக்கம். எங்கள் இயேசு அதிகாலையில் வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அதை ஒரு கட்டளையாக எந்த அப்போஸ்தலனும் கொடுக்கவில்லை. 131-ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனங்கள்தான். அதில் தாவீது தன் ஆத்துமாவைத் "தாயின் பாலை மறந்த குழந்தையைப்போல" அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறார். உங்கள் மடியில் இப்போது இருக்கும் காட்சியையே வேதம் ஜெபத்துக்கு உவமையாக வைத்திருக்கிறது. அந்தச் சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாலூட்டும்போது மெதுவாகச் சொல்லுங்கள். 1691-இல் மரித்த சகோதரர் லாரன்ஸ் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றின் சமையலறையில் பல ஆண்டுகள் பாத்திரங்களின் நடுவே வேலை செய்தவர். முழங்காலில் நிற்கும் நேரத்துக்கும் சமையல் வேலை நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு இல்லை என்னும் அளவுக்கு தேவ சமுகத்தை நினைக்கும் பழக்கத்தை அங்கேயே கற்றுக்கொண்டார். பிள்ளைகள் வளர்ந்த பின் நீண்ட நேரம் கிடைக்கும். அதுவரை உங்கள் கணவர் நாளொன்றுக்கு இருபது நிமிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய தேவபக்தியின் பகுதி என்பதை, இந்தப் பதிலைக் காட்டியே அவரிடம் சொல்லலாம்.

எங்கள் அப்பா சபையில் முக்கியப் பொறுப்பில் இருக்கிறார், அருமையாக ஜெபிப்பார். வீட்டில் அம்மாவையும் எங்களையும் கடுமையான வார்த்தைகளால் நோகடிக்கிறார். இதைப் பார்த்து எனக்குப் பக்தி என்றாலே வெறுப்பாக இருக்கிறது. (கல்லூரி மாணவி)

மகளே, நீ எழுதினதை இரண்டு நாள் வைத்திருந்து, ஜெபித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். முதலாவது, உன் வெறுப்பு தேவன்மேல் உள்ள வெறுப்பு என்று நீ நினைத்துவிடாதே. பொய்யான ஒன்றைப் பொய் என்று உன் மனச்சாட்சி கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். "தேவபக்தியின் வேஷத்தைத் தரித்து அதின் பெலனை மறுதலிக்கிறவர்கள்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கொலைகாரரும் கொள்ளைக்காரரும் இல்லை. தற்பிரியர், தூஷிக்கிறவர்கள், சுபாவ அன்பில்லாதவர்கள், கொடுமையுள்ளவர்கள் என்று வீட்டுக்குள் வெளிப்படும் பாவங்களே பெரும்பாலும் இருக்கின்றன. கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவனுக்கு, உரிய தகுதிகளைச் சொல்லும்போதும், தன் சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று வேதம் நேராகவே கேட்கிறது. ஆகவே உன் கேள்வி பக்திக்கு விரோதமான கேள்வி அல்ல. வேதமே கேட்கும் கேள்வி.

இரண்டாவது, "தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு" என்ற கட்டளை, நடப்பதை மறைத்து வைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. வார்த்தை கை நீட்டுதலாக மாறினால், அல்லது ஏற்கெனவே மாறியிருந்தால், அம்மாவோடு சேர்ந்து நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடமோ ஆயரிடமோ சொல்லுங்கள். அவர்கள் "ஜெபம் பண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்தவரிடம் போங்கள். சட்டத்தின் பாதுகாப்பை நாடுவதும் பாவமல்ல. பவுலே தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டவர்தான்.

இதை வாசிக்கிற தகப்பன்மாருக்கும் ஒன்று. நானும் பிள்ளைகளை வளர்த்தவன். வகுப்பில் சாந்தமாகப் பேசிவிட்டு வீட்டில் சத்தமிட்ட நாட்கள் எனக்கும் உண்டு. ஒரு நாள் என் மகனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. அது எத்தனையோ ஜெபங்களைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகுதான் அவன் குடும்ப ஜெபத்தில் வாய் திறந்து ஜெபிக்க ஆரம்பித்தான்.

ஜெபிக்கும்போது எந்த உணர்வும் இல்லை. வார்த்தைகள் கூரையைத் தாண்டுவதில்லை போலிருக்கிறது. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா? (பள்ளி ஆசிரியை)

88-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது வேதத்தில் இருக்கிறது. அதன் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. உணர்வு வற்றிப்போனவனும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதற்காகவே பரிசுத்த ஆவியானவர் அதை நமக்கு விட்டுவைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். சொந்த வார்த்தைகள் வராத காலத்தில் சங்கீதங்களையே ஜெபமாக வாசியுங்கள்; கடன் வாங்கின வார்த்தைகளில் ஜெபிப்பது போலி ஜெபம் ஆகாது, சிலுவையில் நம் ஆண்டவரும் 22-ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளில்தான் கதறினார்.

இதோடு வேறு சிலவற்றையும் சோதித்துப் பாருங்கள். அறிந்தே விடாமல் வைத்திருக்கும் பாவம் உண்டானால் அதை அறிக்கை செய்யவேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், வலிந்து ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாவை விரும்பிப் படுத்திருந்தபோது, தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான். உபதேசம் பிறகுதான் வந்தது. பல வாரங்களாகத் தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையையும், நாட்காட்டி வசனத்தையும் தவிர நான் வேதம் வாசிப்பதில்லை. இது போதுமா?

அந்த அட்டையை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். நாளுக்கொரு வசனம் என்ற பழக்கத்துக்கு நல்ல வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொராவிய சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் தினசரி வசனங்களைப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப்போட்டே எடுக்கப்படுகிறது. ஆனால் அதனோடு பொருந்தும் ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தையும் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள், வேதத்தை வேதத்தாலேயே விளங்கிக்கொள்ளும்படி. நம் அட்டையில் இந்தத் துணை இல்லை. அதிலும் கஷ்டமான வசனம் எதுவும் வருவதில்லை. "உன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்று" என்ற அட்டையை நீங்கள் எடுத்ததுண்டா?

வேதத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசித்தால் ஓர் ஆண்டில் முடியும். ஜனவரியில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களை, நாளுக்கு ஒன்றாக. பிறகு சங்கீதங்கள். முதலாம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று வரும் எபிரெயச் சொல், ஏசாயா 31-ஆம் அதிகாரத்தில் இரையின்மேல் நின்று கர்ஜிக்கிற சிங்கத்துக்கும் வருகிறது. வாய்க்குள் முணுமுணுத்து, விடாமல் பிடித்துக்கொண்டு வாசிப்பது அது. ஆகவே சத்தமாக வாசியுங்கள்.

பக்தியாயிருந்தால் தொழில் பெருகும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு நஷ்டம்தான் வந்தது. என் பக்தி குறைவா? (சிறு வியாபாரி)

இல்லை. "தேவபக்தியை ஆதாயத்தொழிலென்றெண்ணுகிற" மனுஷரைவிட்டு விலகும்படி அப்போஸ்தலன் எழுதியிருக்கிறார். அடுத்த வசனத்தில், போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம் என்கிறார். ஆதாயம் பக்தியின் மறுபக்கத்தில் காத்திருக்கும் பரிசு அல்ல, பக்தியேதான் ஆதாயம். கணக்கைச் சரியாக எழுதி, எடையில் ஏமாற்றாமல் நஷ்டப்பட்டீர்களானால், அந்த நஷ்டம் உங்கள் பக்திக்குச் சாட்சியாகவும் இருக்கலாம்.

லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) உபவாசம் அவசியமா? எனக்குச் சர்க்கரை வியாதி.

மருத்துவரைக் கேட்காமல் உணவை விடாதீர்கள். ஏசாயா 58-இல் கர்த்தர் தெரிந்துகொள்ளும் உபவாசம் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது. அதைச் சர்க்கரை வியாதி தடுக்காது.

எனக்கு 78 வயது. கண் மங்கிவிட்டது, முழங்காலில் நிற்கவும் முடியவில்லை. இனி நான் என்ன முயற்சி செய்ய?

அம்மா, லூக்கா எழுதுகிற அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். எண்பத்துநாலு வயதுள்ள அந்த விதவை இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருந்தாள்; குழந்தை இயேசுவைக் கண்டு, மீட்புக்குக் காத்திருந்த யாவருக்கும் அவரைக் குறித்துப் பேசினாள். முழங்காலில் நின்றாளா என்று லூக்கா எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபியுங்கள். சிறு வயதில் நீங்கள் மனப்பாடம் செய்த சங்கீதங்களை, வரி மறந்துபோன இடத்தில் நிறுத்திச் சொல்லிப்பாருங்கள். மறந்த வரியைப் பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவன் வாசித்து முடித்த பிறகு, நீங்கள் யார் யாருக்காக ஜெபிக்கிறீர்கள் என்று அந்தப் பெயர்களை அவனிடம் சொல்லுங்கள், அவனுடைய பெயரையும் சேர்த்து.