நெட்பால் கேள்வி பதில்: "டீச்சர், அது ஸ்டெப்பா இல்லையா?"

பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். இப்பவும் கூப்பிட்ட இடத்துக்குப் போய் விசில் ஊதுவேன். இந்த சீசன்ல வந்த கேள்விகள்ல முக்காவாசி, பாஸ்கெட்பால் கண்ணோட நெட்பாலைப் (பின்னால பலகை இல்லாத வளையத்துல பந்தைப் போடுற ஆட்டம், டீமுக்கு ஏழு பேர்) பார்த்ததால வந்தது. வந்த வரிசையிலயே பதில் சொல்லுதேன்.

தக்கலையில இருந்து ஒரு அம்மா: எனக்க மவ பந்தைப் பிடிச்சு ஒரு அடிதான் வச்சா. உடனே 'ஸ்டெப்'புன்னு விசில் ஊதிட்டாவ. ஒரு அடி கூட வைக்கப்பிடாதா டீச்சர்?

ஒண்ணு என்ன, பத்து அடி கூட வைக்கலாம். எந்தக் கால்ங்கறதுதான் விஷயம். பந்தைப் பிடிச்சு இறங்கும்போது முதல்ல மண்ணைத் தொட்ட காலை 'லாண்டிங் ஃபுட்'ன்னு சொல்லுவோம். அதை ஊன்றிக்கிட்டு மத்தக் காலை எந்தப் பக்கம் வேணும்னாலும், எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்து வச்சுத் திரும்பலாம். ஊன்றின காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனா அது மறுபடி தரையைத் தொடுறதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிருக்கணும். அந்தக் காலை இழுத்தாலும் தப்பு, அதுல நொண்டி அடிச்சாலும் தப்பு. ரெண்டு காலும் ஒரே நேரத்துல இறங்கினா எதை நகர்த்துறதுன்னு அவளே முடிவு பண்ணிக்கலாம். இது எல்லாம் மூணு செகண்டுக்குள்ள. அதுக்கு மேல பந்து கையில இருந்தா அதுவும் விசில்தான்.

சாயங்காலம் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஈர மணல்ல ஓடி வந்து பந்தைப் பிடிச்சு எறியச் சொல்லுங்க. அப்புறம் தடத்தைப் பாருங்க. பந்து கையை விட்டுப் போற வரைக்கும் இறங்கின காலுக்கு ஒரு தடம்தான் இருக்கணும். ரெண்டாவது தடமோ, இழுத்த கோடோ தெரிஞ்சா ஊதினவங்க சரியாத்தான் ஊதியிருக்காங்க. முட்டத்துல நான் பிள்ளைகளை இப்படித்தான் பழக்கினேன். நூறு தடவை வாயால சொன்னது ஏறாத பிள்ளைக்கும் அந்தத் தடம் புரிஞ்சிரும்.

கருங்கல் பக்கம் ஒரு பி.டி. சார்: மூணு அடி தள்ளி நின்னுதான் எங்க பிள்ளை கையைத் தூக்கினா. அப்புறமும் அப்ஸ்ட்ரக்ஷன் (கிட்ட நின்னு தடுத்த தப்பு) கொடுத்தாங்க.

சார், எங்கேயிருந்து அளந்தீங்க? விதியில உள்ள தூரம் 0.9 மீட்டர். அளக்குறது தரையில, பந்து வச்சிருக்கவ இறங்கின காலுக்கும் தடுக்கிறவளுக்குக் கிட்ட இருக்க காலுக்கும் நடுவுல. கையும் தலையும் கணக்குல வராது. பந்து வச்சிருக்கவ மத்தக் காலை முன்னால வச்சு இடைவெளியைக் குறைச்சா அது உங்க பிள்ளை தப்பில்ல. சரியான தூரத்துல நின்னு, பந்தைப் பறிக்க முன்னால குதிக்கவும் செய்யலாம். ஆனா குதிச்சுக் கிட்டத்துல விழுந்து எறியிறவளுக்கு இடைஞ்சலா நின்னா போச்சு. நிறைய பேர் மாட்டுறது இதுலதான். பெனால்டி கொடுத்ததும் தப்பு பண்ணினவ எறியிறவ பக்கத்துல வந்து நிக்கணும், பந்து கையை விட்டுப் போற வரைக்கும் அசையக் கூடாது, பேசவும் கூடாது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த 'பேசக் கூடாது'தான் கஷ்டம்.

'சி'ன்னு (சென்டர்) எழுத்து உள்ள பிப், அதாவது மேல்சட்டை, போட்டவ கோல் அடிக்கலாமா?

முடியாது. ஜி.எஸ். (கோல் ஷூட்டர்), ஜி.ஏ. (கோல் அட்டாக்) ரெண்டு பேருக்கும்தான் அந்த உரிமை. அவங்களும் வட்டத்துக்குள்ள (கோல் கம்பத்துக்கு முன்னால போட்ட அரைவட்டத்தைத்தான் அப்படிச் சொல்லுவோம்) நின்னுதான் எறியணும். 'சி' மைதானம் முழுக்க ஓடலாம், ரெண்டு வட்டத்துக்குள்ளேயும் கால் வைக்கக் கூடாது.

ஆரல்வாய்மொழி பிளஸ் ஒன் மாணவி: எங்க ஊர்ல காத்தாடி சுத்துற காத்து. பந்து வளையத்துக்குப் பக்கத்துலயே போக மாட்டேங்குது. அப்படிப் போன பந்தை நானே ஓடிப் பிடிச்சு மறுபடி அடிச்சேன், ஊதிட்டாங்க. ஏன்?

பந்து கம்பத்துலயோ வளையத்துலயோ பட்டுச்சா? பட்டுத் திரும்பினா நீயே பிடிக்கலாம், மறுபடி அடிக்கலாம். எதுலயும் படாமப் போனதை, வேற யாரும் தொடாம நீயே பிடிச்சா அதுக்கு 'ரீப்ளே'. பந்து எதிர் டீமுக்குப் போகும். காத்துக்கு விதியில இடமில்ல, ஆனா குவாட்டருக்குக் குவாட்டர் (ஆட்டத்தோட ஒவ்வொரு கால் பகுதிக்கும்) பக்கம் மாறும். அந்தக் காத்து அவங்களுக்கும் உண்டு, கவலைப்படாத.

பள்ளிக்கூடத்துல பழைய பாஸ்கெட்பால் கம்பம் இருக்கு. அதை வச்சு ஆடலாமா?

உயரம் ஒண்ணுதான், 3.05 மீட்டர். ஆனா நெட்பாலுக்குப் பின்னால பலகை கிடையாது. வளையமும் சின்னது, உள் விட்டம் 38 சென்டிமீட்டர். பலகையில அடிச்சுப் பழகின பிள்ளை பலகை இல்லாத கம்பத்துக்கு முன்னால முழிச்சுக்கிட்டு நிக்கும். பட்டறையில குழாய் வாங்கிக் கொடுத்து வெல்டிங் பண்ணச் சொன்னா ரெண்டு கம்பமும் ஆயிரும். வட்டம் போடுறதுக்கு: கோல் கோட்டு நடுவுல ஒரு ஆணி, அதுல 4.9 மீட்டர் கயிறு, கயிற்று நுனியில சுண்ணாம்பு டப்பா. கயிறு தளராம ஒரு சுத்து நடந்தா அரைவட்டம் ரெடி.

வலைக்கும் ஒரு கதை உண்டு. குளச்சல்ல ஒரு பிள்ளையோட அப்பா நைலான் நூல்ல அழகா பின்னிக் கொடுத்தார். மீன் வலை பின்னின கை இல்லையா, அடிப்பக்கத்தையும் சுருக்கிட்டார்! முதல் கோல்லயே பந்து உள்ள மாட்டிக்கிச்சு. அடிப்பக்கம் திறந்திருக்கணும்னு சொல்ல மறந்தது என் தப்பு.

இலங்கையில 'வலைப்பந்தாட்டம்'னு சொல்றது இதுதானா?

இதேதான். நாடுகளெல்லாம் சேர்ந்து உலக அமைப்பு ஆரம்பிச்சு, விதிகளை ஒண்ணாக்கப் பேசினதே 1960ல இலங்கையிலதான். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அந்த நாட்டு டீமுக்கு ஜி.எஸ். ஆடினவங்க, உயரம் 2 மீட்டருக்கு மேல. அவங்க ஆடின வீடியோ கிடைச்சா பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க. உயரத்தைப் பார்த்து வாயைப் பிளக்காம, பந்து வர்றதுக்கு முன்னாடி எங்கே நிக்காங்கன்னு பார்க்கச் சொல்லுங்க.

நேரம் முடிஞ்சு விசில் ஊதும்போது பந்து காத்துல இருந்தா கோல் உண்டா?

கிடையாது. விசிலுக்கு முன்னால பந்து முழுசா வளையத்தைத் தாண்டி இறங்கியிருக்கணும். பாஸ்கெட்பால்ல கையை விட்டுப் போயிருந்தா போதும், அந்தப் பழக்கத்துல நானே ஒரு தடவை கோல் கொடுத்திருக்கேன். ஒரு கோல்ல தோத்த டீமோட டீச்சர் மறுநாள் காலையில விதிப் புத்தகத்தோட வந்து நின்னாங்க. ஸ்கோர் ஷீட்ல கையெழுத்து போட்டு முடிச்சிருந்ததால மாத்த முடியல. அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், வேற என்ன செய்ய? ஒண்ணு மட்டும் விலக்கு: விசிலுக்கு முன்னாடியே பெனால்டி கொடுத்திருந்தா அதை அடிக்க விடணும்.

மார்த்தாண்டம்: பஸ் லேட்டாகி ஏழு பேரும் வந்து சேரலைன்னா?

அஞ்சு பேர் இருந்தா ஆரம்பிக்கலாம், அதுல ஒருத்தி 'சி' ஆடணும். அதனால பையைத் திறந்ததும் முதல்ல 'சி' போட்ட பிப்பை எடுத்து வந்தவள்ல ஒருத்திக்கு மாட்டி விடுங்க.