மகளின் கல்விக் கடனில் மைத்துனருக்கும் பங்கா?

கேள்வி: சேலத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன், வயது 54. என் மகளுக்கு ஜெர்மனியில், கல்விக் கட்டணம் இல்லாத ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான். வீட்டை அடமானமாகக் கொடுத்து 25 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்க இருக்கிறேன். அவளுக்கு 18 லட்சம் போதும். மீதி 7 லட்சத்தைத் தன் கடையை விரிவுபடுத்தத் தரும்படி என் மைத்துனர் கேட்கிறார். படிப்பு முடியும்வரை தவணையே கிடையாது, அதற்குள் திருப்பித் தந்துவிடுவேன் என்கிறார். 2021-இல் அவருக்காக மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய 3 லட்சத்துக்கு இன்றும் நான்தான் வட்டி கட்டி, நகையை மாற்றி வைத்து வருகிறேன். வைப்பு நிதியில் 9 லட்சம் இருக்கிறது. மறுத்தால் உறவு முறிந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் மகளின் படிப்புச் செலவு உங்களால் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது, மைத்துனரின் தேவைக்கு உங்கள் பெயரில் கடன் வாங்கும் பழக்கம். இந்த முறை அது உங்கள் பெயரோடும் நிற்கப்போவதில்லை. கல்விக் கடனில் முதன்மைக் கடன்தாரர் மாணவிதான். நீங்கள் இணைக் கடன்தாரர். மைத்துனர் கடையின் 7 லட்சம், இன்னும் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத ஒரு பெண்ணின் கணக்கில் ஏறும். தவணை தவறினால் கெடுவது அவளுடைய சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்.

தவணை கிடையாது என்பதை வட்டி கிடையாது என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார், அல்லது உங்களுக்கு அப்படிப் புரியவைத்திருக்கிறார். தவணை விடுப்புக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தோராயமாக 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 7 லட்சத்துக்கு ஆண்டுக்கு 70,000 ரூபாய்; படிப்புக் காலம் இரண்டு ஆண்டுகள், அதன்பின் வழக்கமாகக் கிடைக்கும் ஓராண்டு அவகாசம், ஆக மூன்று ஆண்டுகளில் 2.1 லட்சம். தவணை தொடங்கும்போது அசல் 9.1 லட்சமாக இருக்கும். பத்தாண்டுகளில் அடைத்தால் மாதம் 12,000 ரூபாய் வீதம், மொத்தம் ஏறத்தாழ 14.4 லட்சம் கட்டியிருப்பீர்கள். தவணை தொடங்கும்போது உங்களுக்கு வயது 57, முடியும்போது 67. ஓய்வூதிய வயதில் கட்டப்போவது யார் என்பதை நகைக் கடனின் கதை ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வங்கி கல்விக் கடனைப் பொதுவாக ரொக்கமாகக் கையில் தருவதில்லை. பல்கலைக்கழகத்துக்கோ, மாணவர் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுன்டுக்கோ நேரடியாக அனுப்பும். அதிலிருந்து 7 லட்சத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் செலவுக் கணக்கைப் பொய்யாக உயர்த்திக் காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தாளில் உங்கள் மகளும் கையெழுத்திடுவாள். ஓர் ஆசிரியர் தம் மகளிடம் இதைக் கேட்கக் கூடாது.

உண்மையான தேவையைப் பார்ப்போம். ஜெர்மனி விசாவுக்குப் பிளாக்டு அக்கவுன்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும்; அதிலிருந்து மாதம் 992 யூரோ அவள் கைக்கு வரும். யூரோவை 105 ரூபாயாகக் கொண்டால் 12.5 லட்சம். ஏ.பி.எஸ். சான்றிதழ் (இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பில் தருவது), விசா, விமானச் சீட்டு, குளிர்கால உடைகள், வாடகை முன்பணம் எல்லாவற்றுக்கும் 2 லட்சம் ஒதுக்குங்கள். இந்த 14.5 லட்சத்தில் 5 லட்சத்தை வைப்பு நிதியிலிருந்து எடுங்கள். மீதி 4 லட்சத்தை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். முதலாண்டுக் கடன் 9.5 லட்சம். இரண்டாம் ஆண்டுச் செலவில், பகுதிநேர வேலையில் அவள் 4 லட்சம் ஈட்டினால் 8.5 லட்சம் தேவைப்படும். ஆண்டுக்கு 140 முழு நாட்கள்வரை மாணவர்கள் வேலை செய்ய அங்கே சட்டம் இடம் தருகிறது என்றாலும், மொழியும் ஊரும் பழகாத முதலாண்டில் அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆகவே 18 லட்சத்துக்கு ஒப்புதல் வாங்கி, இரண்டு தவணைகளாக எடுங்கள். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. முதலாண்டில் அது மாதம் 8,000 ரூபாய்க்குள் இருக்கும். அதை அப்போதே கட்டிவந்தால் பல பொதுத்துறை வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம்வரை சலுகை தருகின்றன.

அடமானமே வேண்டாம், இரண்டே நாளில் 40 லட்சம் என்று அழைக்கும் தனியார் நிறுவனங்களிடமும், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) போதும்.

மைத்துனரிடம் நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்தே பேசுங்கள்; அவருடைய அக்கா உடன் இல்லாமல் நீங்கள் மட்டும் மறுத்தால்தான் மனக்கசப்பு வளரும். சிறு கடைக்காரர்களுக்கு அடமானமின்றி 10 லட்சம்வரை முத்ரா கடன் கிடைக்கிறது. அவர் தம் பெயரில் விண்ணப்பிக்கட்டும், நீங்கள் வங்கிக்கு உடன் செல்லலாம், ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். அடகு நகையின் அசலில் மாதம் 5,000 ரூபாயாவது அவர் இந்த மாதத்திலிருந்தே கட்டத் தொடங்கட்டும். மகளின் கடன் ஒப்புதல் கடிதம் வந்ததும், அதை அவளையே முழுவதும் படிக்கச் சொல்லி, மாதத் தவணை எவ்வளவு, எப்போது தொடங்கும் என்பது அவளுக்குத் தெரிந்த பிறகு கையெழுத்திடச் சொல்லுங்கள்.