மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்துவிட்டதா? எலும்பு மருத்துவர் பதில்கள்

கே: வயது 34. பைக்கில் விழுந்து கை உடைந்தது. மாவுக்கட்டு பிரித்து எட்டு மாதம். கட்டைவிரல் பக்கம்தான் முறிவு, ஆனால் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. சாவியைத் திருப்ப முடியவில்லை. பயிற்சி செய்தால் சரியாகுமா?

முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு ரேடியஸ். உடைந்த ரேடியஸ் குட்டையாகச் சேர்ந்தால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா நீண்டு நின்று மணிக்கட்டுச் சிற்றெலும்புகளில் முட்டும். வலி அங்கிருந்துதான் வருகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ரேடியஸின் மூட்டுமுனை உள்ளங்கைப் பக்கம் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கோணலாகச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் புறங்கைப் பக்கம் சாய்ந்திருக்கும். பயிற்சி தசையையும் மூட்டையும் இளக்கும், எலும்பின் சாய்வை மாற்றாது. ரேடியஸை வெட்டி, நிமிர்த்தி, பிளேட் வைத்து, தேவைப்பட்டால் இடைவெளியில் இடுப்பெலும்புத் துண்டை நிரப்புவோம். சாய்வு நன்றாக இருந்து நீளம் மட்டுமே சிக்கல் என்றால் அல்னாவைக் குறைத்தாலே போதும். முதலில் சிடி ஸ்கேன் எடுங்கள். மூட்டு நன்றாகத் தேய்ந்திருந்தால் எலும்பை நிமிர்த்தியும் வலி போகாது.

கே: அம்மாவுக்கு 72. கை கோணல், வலி இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

வேண்டாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யுங்கள். நடக்கும்போது தடுக்கி விழுந்தே மணிக்கட்டு உடைந்தது என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய், இருக்கலாம். அடுத்து உடைவது இடுப்பாக இருந்துவிடக் கூடாது.

கே: எண்ணெய் போட்டு நீவினால் நிமிருமா?

நிமிராது. சேர்ந்த எலும்பை எந்தக் கையாலும் நீவி நிமிர்த்த முடியாது.

கே: தாத்தாவுக்கு நாட்டு வைத்தியரின் புத்தூர் கட்டு போட்டுத்தான் கை சரியானது. மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் கோணல் வருகிறதே?

வருகிறது, மறுக்கவில்லை. முதல் இரண்டு மூன்று வாரத்தில் மாவுக்கட்டுக்குள்ளேயே எலும்பு நகரும். அதனால்தான் வாராவாரம் எக்ஸ்ரே கேட்கிறோம். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் கை வீங்கி, விரல் வெளுத்து மரத்தால் சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். என் பயம் அதுதான். எந்தக் கட்டானாலும் அப்போது உடனே பிரிக்க வேண்டும்.

கே: கோணல் இருந்தாலும் கை வேலை செய்யும் என்று, இந்த மணிக்கட்டு முறிவை விவரித்த அயர்லாந்து மருத்துவர் கோலிஸே எழுதினாராமே?

எழுதினார், 1814இல். எக்ஸ்ரே வந்தது 1895இல். வயதானவர்கள் பலருக்கு அவர் சொன்னது இன்றும் பொருந்தும். முதலில் கேட்ட 34 வயதுக்காரரிடம் அதைச் சொல்லி அனுப்ப மாட்டேன்.

கே: கட்டு பிரித்தபின் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை.

உள்ளங்கையை மேசையில் பதித்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். எழவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கும். ஆள்காட்டி விரலின் உபரி நாணை மாற்றித் தைத்தால் தூக்க வரும். தள்ளிப்போடாதீர்கள்.

கே: வேப்பெண்ணெய் நல்லதா, நல்லெண்ணெய் நல்லதா?

மேலே சொன்ன பதில்தான்.