டிடிஆர்3 என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்குப் பார்க்க ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம். டாலியையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் திணறுகிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த 8 ஜிபி டிடிஆர்3 (இந்தப் போர்டு ஏற்கும் ரேம் தலைமுறை) ரேம் வாங்கிப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. பழைய ரேம் மட்டும் இருந்தால் ஓடுகிறது. கோளாறு ரேமிலா, போர்டிலா?

பதில்: முதலில் பழைய ரேமைக் கழற்றிவிட்டு, அது இருந்த அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். மலைக் காற்றின் ஈரத்தில் தங்க நிறக் கால்கள் மங்கியிருக்கலாம். பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். (மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான்!) அப்போதும் திரை வராவிட்டால், எனக்குச் சந்தேகம் அந்த மலிவு விலை மேல்தான்.

சந்தையில் 'ஏஎம்டிக்கு மட்டும்' (இன்டெலின் போட்டி நிறுவனம்) என்று ஒரு வகை 8 ஜிபி டிடிஆர்3 சுற்றுகிறது. விலை குறைவு, அந்த எச்சரிக்கை விற்பனைப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். அளவும், கால்களுக்கு நடுவே உள்ள வெட்டும் ஒன்றுதான், ஸ்லாட்டில் ஒழுங்காக உட்காரும். ஆனால் அதிலுள்ள சிப்கள் எக்ஸ்4 அமைப்பு, அதாவது ஒரு சிப் ஒரு தடவைக்கு 4 பிட் தரும். இன்டெல் டெஸ்க்டாப் போர்டு எதிர்பார்ப்பது எக்ஸ்8, அதாவது 8 பிட். அதனால்தான் ஃபேன் மட்டும் சுற்றுகிறது.

ஸ்டிக்கரைப் படித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது '2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு' என்ற மாதிரி வரி. எக்ஸ்8 என்பது மேலே சொன்ன சிப் அமைப்பு. பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது 1600 வேகம். கடைசி எழுத்து யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். ஆர் என்றால் சர்வரிலிருந்து கழற்றியது, தொடவே வேண்டாம். பிசி3எல் என்றிருந்தால் பரவாயில்லை, அது 1.35 வோல்ட்டிலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும். ஸ்டிக்கரில் இந்த வரியே இல்லாத ரேமை நான் வாங்க மாட்டேன்.

டிடிஆர்4 பக்கம் போகாதீர்கள், வெட்டு இருக்கும் இடமே வேறு. அமுக்கினால் ஸ்லாட்தான் உடையும்.

எச்81 போர்டு அதிகபட்சம் 16 ஜிபி, ஸ்லாட்டுக்கு 8 என்ற கணக்கில் ஏற்கும். பழைய 4 ஜிபியோடு சரியான 8 ஜிபி ஒன்றைச் சேர்த்தால் 12. ஜோடி பொருந்தவில்லையே என்று கவலைப்படாதீர்கள், எஸ்டேட் கணக்குக்கு அது தாராளம். ஒன்று 1333, மற்றது 1600 என்றால் இரண்டும் 1333இல் ஓடும், அவ்வளவுதான். விண்டோஸ் 64 பிட்டா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

ஆன்லைன் ரேமைத் திருப்பி அனுப்ப நாள் இருந்தால் இன்றே அனுப்புங்கள். அடுத்ததைச் சேலத்தில் நேரில் வாங்குவது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்கு முன் பழைய ரேமைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், போர்டில் அச்சிட்ட மாடல் பெயரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சிபியு பெட்டியையே கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று: உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்றால், அதே நடையில் அதற்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி ஒன்றுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். ஆன் செய்து டாலி திறக்கும்வரை காத்திருக்கும் நேரம் குறைவது அதனால்தான்.