ராலிக்குத் தயார் என்கிறார்கள், கார் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் தம்பியும் சில ஆண்டுகளாகப் பந்தயத் தடத்தில் பொழுதுபோக்காகக் கார் ஓட்டிவருகிறோம். அடுத்த ஆண்டு ஐந்து நாள் தார்ச்சாலை ராலி ஒன்றில் அமெச்சூர் பிரிவில் கலந்துகொள்ள விரும்புகிறோம். பதிவுக் கட்டணத்துக்குப் பணம் சேர்த்துவிட்டோம். இருக்கை, பெல்ட், ரோல் கேஜ் (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) எல்லாம் பொருத்தி "ராலிக்குத் தயார்" என்று ஒருவர் ஒரு காரை விற்கிறார். உடனே முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா? இதற்கு மேல் எவ்வளவு செலவாகும்?

பதில்: முதலில் ஒன்று. முன்பணத்தை இன்று கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். பல ஆண்டுகள் ராலிகளில் வாகனப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்தவன் நான். "ராலிக்குத் தயார்" என்று வாங்கப்பட்ட கார்களைத் தொடக்க நாளுக்கு முன்தினம் திருப்பி அனுப்பிய வேதனை எனக்கு நிறையவே உண்டு.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, ராலிக் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான். பதிவுக் கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், டயர், பிரேக், எரிபொருள், தங்குமிடம், காரை ஏற்றிச் செல்லும் வண்டி, உடன்வரும் மெக்கானிக், உரிமங்கள், பாதுகாப்பு உடைகள் எல்லாம் சேர்ந்து இன்னும் மூன்று பங்கையாவது எடுத்துக்கொள்ளும் என்று கணக்கிடுங்கள். காரின் விலை இதில் சேரவில்லை.

நீங்கள் தடத்தில் பழகியவர்கள் என்பதால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தடத்தில் ஓட்டும் நாளில் இருபது நிமிடம் ஓட்டுகிறீர்கள், ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கிறீர்கள், பிரேக் ஆறிவிடுகிறது. ராலியில் மலைச்சாலை இறக்கம் ஒன்று பதினைந்து கிலோமீட்டர் நீளலாம். அதன் நடுவே பிரேக் திரவம் கொதித்தால் மிதி தரையைத் தொடும். ஈரத்தை உறிஞ்சிய பழைய திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். எனவே கொதிநிலை கூடிய புதிய திரவத்தைத் தொடக்கத்திலேயே மாற்றுவதுடன், இடையில் ஒருமுறையாவது மறுபடியும் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்குங்கள். பிரேக் பேடுகள் இரண்டு தொகுதி வேண்டும். டயரும் ஒரு தொகுதி போதாது. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயரை நம்பிப் போகிறவர்கள் மூன்றாவது நாள் சாலையோரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எரிபொருளில் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மூடப்பட்ட சாலையில் நேரம் கணக்கிட்டு ஓட்டும் பகுதிகளான ஸ்பெஷல் ஸ்டேஜ்களின் தூரத்தை மட்டும் கூட்டுகிறார்கள். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும் இணைப்புச் சாலைகளின் தூரம் பெரும்பாலும் அதைவிட அதிகம். அந்தச் சாலைகளில் நீங்கள் சாதாரண வாகன ஓட்டிதான்: வேக வரம்பும் உண்டு, போலீஸும் உண்டு, எதிரே பள்ளிப் பேருந்தும் வரும். அங்கே வேகம் மீறிப் பிடிபட்டால் காவல் துறையின் தண்டனை ஒரு பக்கம், போட்டியிலும் தண்டனை.

நாட்களையும் சரியாக எண்ணுங்கள். ஐந்து நாள் ராலி என்றால் வீட்டை விட்டு ஒன்பது பத்து நாள் வெளியே இருப்பீர்கள். பாதையை முன்கூட்டிப் பார்வையிட இரண்டு நாள், வாகனப் பரிசோதனைக்கும் காகித வேலைக்கும் ஒரு நாள், போய்வரும் பயணம். இத்தனை நாளும் நான்கு பேருக்குத் தங்குமிடம். பார்வையிடும் நாட்களில் ராலிக் காரை ஓட்டக்கூடாது என்று பல போட்டிகளில் விதி இருப்பதால் இன்னொரு சாதாரணக் காரும் வேண்டும். இந்த இன்னொரு கார் யாருடைய கணக்கிலும் வருவதே இல்லை.

இனி, விற்கிறவர் காட்டும் காருக்கு வருவோம். அவரிடம் புகைப்படங்களைக் கேளுங்கள். காரின் புகைப்படம் வேண்டாம். இருக்கையின் பக்கத்தில் ஒட்டப்பட்ட லேபிள், பெல்ட்டின் லேபிள், ரோல் கேஜின் சான்றிதழ் ஆகியவற்றின் புகைப்படங்கள். இவற்றில் உள்ள எண்களும் தேதிகளும்தான் அந்தக் காரின் உண்மையான விலையைச் சொல்லும்.

இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தர எண் லேபிளில் இருக்கும். 8855-1999 என்று இருந்தால் அதன் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. வாங்கிய நாளிலிருந்து என்று விற்பவர் சொன்னால் அது தவறு. நான்கு ஆண்டு கிடங்கில் பெட்டி திறக்காமல் கிடந்திருந்தாலும் உங்களுக்கு மிச்சம் ஓராண்டுதான். 8862-2009 என்ற தரத்தில் உள்ள இருக்கைக்குப் பத்து ஆண்டு. விலையும் அதற்கேற்ப அதிகம். பெல்ட்டில், எந்த ஆண்டோடு செல்லுபடி முடிகிறது என்பது லேபிளிலேயே தைத்து வந்திருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விற்பவர்கள் அதைத்தான் சொல்லி மடக்குவார்கள் என்பதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். 8855-1999 இருக்கைக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்புப் பெற வழி இருக்கிறது. ஆனால் அந்த நீட்டிப்பைத் தரக்கூடியவர் இருக்கையைத் தயாரித்த நிறுவனம் ஒன்றுதான். அது சோதித்துப் பார்த்து, புதிய லேபிள் ஒன்றைக் கூடுதலாக ஒட்டித் தர வேண்டும். உள்ளூர்ப் பட்டறைக்காரர் எழுதித்தரும் கடிதம் செல்லாது. "போன போட்டியில் விட்டார்கள்" என்பதும் செல்லாது. இன்னொரு வகை நீட்டிப்பும் உண்டு: சில நாடுகளின் தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்புகள், தங்கள் உள்நாட்டுப் போட்டிகளில் மட்டும் தேதி முடிந்த இருக்கைகளை மேலும் சில ஆண்டுகள் அனுமதிக்கின்றன. அந்தச் சலுகை அந்த நாட்டுக்கும் அந்தப் போட்டியின் தரத்துக்கும் மட்டுமே உரியது. உங்கள் ராலி சர்வதேசப் பட்டியலில் இருந்தால் சலுகை அங்கே நின்றுவிடும். ஆகவே விற்பவர் "நீட்டிப்பு இருக்கிறது" என்றால், எந்த வகை நீட்டிப்பு, யார் தந்தது, லேபிள் எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். பின்பு நீங்கள் கலந்துகொள்ளப்போகும் போட்டியின் அமைப்பாளருக்கு லேபிளின் புகைப்படத்தை அனுப்பி, "இது செல்லுமா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன பதில் பரிசோதனை மேசைக்கு வராது. இன்னொன்று: விபத்தில் சிக்கிய இருக்கைக்கு எத்தனை ஆண்டு மிச்சமிருந்தாலும் அது பயனற்றதுதான். காரின் முன்பகுதி அண்மையில் வண்ணம் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் தேதி விஷயத்தில் எனக்குக் கோபமும் உண்டு. நல்ல நிலையில் உள்ள இருக்கைகளைக் காலண்டர் பார்த்துக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். சாதாரண வருமானத்தில் ராலி ஓட வருகிற இளைஞர் மூன்று ஆண்டு சேமித்து வாங்கியதை, ஒரு தேதிக்காகத் திருப்பி அனுப்பும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. தேதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை; நாரிழையும் நைலானும் வெயிலிலும் அதிர்விலும் வலுவிழக்கின்றன என்பது உண்மை. ஆனால் விதி மாறும்போது அதைப் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஓர் அறிவிக்கையில் ஏழாவது பக்கத்தில் போடுவதற்கு என்ன நியாயம்? அமெச்சூர்கள் அதை எப்போது படிப்பார்கள், எப்போது மாற்றுவார்கள்? பதிவுக் கட்டணம் வாங்கும் நாளிலேயே, இன்னின்ன பொருளுக்கு இன்னின்ன தேதி என்று ஒரு பக்கத்தில் எளிய மொழியில் தரவேண்டும். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

ரோல் கேஜுக்கு வருகிறேன். எஃப்.ஐ.ஏ. விதிப்படி, முன் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கே நிற்கும் முதன்மை வளையத்தின் குழாய் 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டதாக இருக்கவேண்டும். இதைவிட மெலிந்த குழாயில் அழகாக வண்ணம் பூசி வைத்த கேஜ்களும் சந்தையில் உண்டு. விட்டத்தை நீங்களே அளந்துவிடலாம். தடிப்பு கண்ணுக்குத் தெரியாது, அதற்குத்தான் சான்றிதழ். "சான்றிதழ் பழைய உரிமையாளரிடம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன்" என்பவரிடம், வாங்கி வந்தபின் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். சான்று இல்லாத கேஜை அறுத்தெடுத்து மறுபடி பற்றவைப்பது, கேஜே இல்லாத காருக்குப் புதிதாகப் போடுவதைவிட அதிகச் செலவு பிடிக்கும். கேஜ் உள்ள காரை ஹெல்மெட் இல்லாமல் அன்றாடம் ஓட்டாதீர்கள். சிறிய மோதலிலும் தலை இரும்புக் குழாயில் இடிக்கும்.

கார் வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம் என்றும் சிலர் வருவார்கள். "வந்தால் போதும், ஓட்டலாம்" என்று எல்லாவற்றையும் ஒரே தொகையில் தருவதாகச் சொல்வார்கள். நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சேதத்துக்கான பிணைத்தொகை என்று ஒன்று இருக்கும். அந்தத் தொகையோடு உங்கள் பொறுப்பு முடிகிறதா, அல்லது அதற்கு மேலும் நீளுமா என்பதை அழுத்திக் கேளுங்கள். இரண்டாம் நாள் எஞ்சின் தானாகவே பழுதானால் யார் செலவு? மீதி மூன்று நாளுக்குப் பணம் திரும்புமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் எடுக்காதீர்கள். தன்னிடம் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொல்லிப் பதிவு இடத்தையே விற்கும் தரகர்களை நம்பவே வேண்டாம். பதிவு என்பது ஓட்டுநர், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் இணை ஓட்டுநர் ஆகியோரின் பெயரில் நடப்பது. அமைப்பாளரிடம் நேரடியாகப் போங்கள்.

காப்பீடுதான் எல்லாவற்றிலும் பெரிய பள்ளம். உங்கள் சாதாரண கார்க் காப்பீடு போட்டிகளில் ஏற்படும் சேதத்தை ஏற்காது. போட்டி அமைப்பாளர் எடுத்திருக்கும் காப்பீடு பார்வையாளர்களுக்கும் பிறர் சொத்துக்கும் ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் காருக்கு அதில் இடமில்லை. ராலிக்கென்று தனிக் காப்பீடு கிடைத்தாலும், முதல் சேதத்தில் பெரிய தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். ஆகவே காருக்குக் கடன் வாங்காதீர்கள். சுவரில் மோதிய காருக்கு நான்கு ஆண்டு தவணை கட்டுகிற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். நாளைக் காலையில் அந்தக் கார் இல்லாமல் போனாலும் வீட்டுச் சாப்பாடு குறையாது என்று சொல்லக்கூடிய விலையில் மட்டும் வாங்குங்கள். எவ்வளவு செலவாகும் என்ற உங்கள் கேள்விக்கு, நான் தரக்கூடிய மிக நேர்மையான பதில் அந்தத் தொகைதான்.

தார்ச்சாலை ராலியில் இழப்பது கார் மட்டுமல்ல, உயிரும் போகலாம். ஆஸ்திரேலியாவில் 1992 முதல் நடந்துவந்த டார்கா டாஸ்மேனியா ராலியில் 2021-இல் மூன்று போட்டியாளர்கள் இறந்தார்கள். 2022-இல் மேலும் ஒருவர். அதற்குப்பின் அந்நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பு இத்தகைய ராலிகளை நிறுத்திவைத்தது. மண் சாலையில் டயர் வழுக்கும், அதனால் வேகம் குறைவு. தாரில் பிடிப்பு அதிகம், வேகமும் அதிகம், பிடிப்பு விடும் நொடியில் எதிரே மரம். தடத்தில் ஒரே வளைவை நூறு முறை பார்க்கிறீர்கள். இங்கே ஒரு முறைதான், அதுவும் முந்தைய கார்கள் வளைவின் உள்ளோரத்தை வெட்டிப் போனதில் சரளை சிதறிக்கிடக்கும்.

உங்கள் தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளைப் பற்றிய குறிப்பைப் படிக்கப்போகிறாரா? அப்படியானால் கார் வாங்குவதற்கு முன், வளைந்து வளைந்து போகும் ஒரு மலைச்சாலையில் வேக வரம்புக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அவர் குனிந்து தாளைப் பார்த்தபடி ஒவ்வொரு வளைவையும் உரக்கப் படிக்கட்டும். தலைசுற்றி வாந்தி வருகிறதா என்று அன்றே தெரிந்துவிடும். இதைச் சோதிக்காமல் வந்து, முதல் நாள் மதியத்தில் இணை ஓட்டுநர் படுத்துவிட்டதால் ஐந்து நாள் கட்டணத்தையும் இழந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. அவருக்கும் தனி உரிமம், ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனம், தீ தாங்கும் உடை எல்லாம் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் செல்லாது. செலவுப் பட்டியலில் பாதுகாப்பு உடைகளை இரண்டால் பெருக்குங்கள்.

உங்களுக்கு நான் மனமாரச் சொல்லும் வழி வேறு. இத்தகைய ராலிகள் பலவற்றில் நேரம் கணக்கிடாத சுற்றுலாப் பிரிவு ஒன்று உண்டு. மூடப்பட்ட அதே சாலைகளில், முன்னே செல்லும் வழிகாட்டிக் காரின் பின்னால், வேக வரம்போடு போகலாம். பெரும்பாலும் கேஜ் தேவைப்படாது. உங்கள் சொந்தக் காரே போதும், அதன் காப்பீட்டு நிலையைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நாள் எப்படி உடம்பை வாட்டும், பிரேக் எங்கே சுடும், தம்பியின் வயிறு தாங்குமா என்பதெல்லாம் ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். அதற்குள் உங்களுக்கு விற்கப்படுகிற காரின் இருக்கையில் ஓராண்டு குறைந்திருக்கும், விலையும் குறைந்திருக்கும்.

அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும் என்றால், லேபிள்களின் புகைப்படம், கேஜின் சான்றிதழ், கார் ஓடிய போட்டிகளையும் பரிசோதனைகளையும் குறித்த போட்டிப் பதிவேடு ஆகிய மூன்றையும் அவரிடம் இன்றே கேளுங்கள். மூன்றும் வந்து, அமைப்பாளரின் எழுத்துப் பதிலும் வந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். "வேறொருவர் நாளை வாங்க வருகிறார்" என்று அவர் அவசரப்படுத்தினால், அந்த வேறொருவருக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.